பெருமூச்சு விடக்கூடாத இடம்

எங்கள் மனநல மையத்தில் மூச்சுப் பயிற்சியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஒன்பதா, பத்தா என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பத்தாவதாக ஒருவர் இருந்து, அவருக்கு மட்டும் நகல் கிடைக்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

பயிற்சி முறைகளை எழுதப்போவதில்லை. எத்தனை எண்ணி மூச்சை இழுப்பது, எத்தனை எண்ணி விடுவது என்பதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே வருகிறது. ஒரு நீல வட்டம் விரிகிறது, சுருங்குகிறது. என் பேத்தி காட்டினாள். வட்டம் சுருங்கும்போது கொஞ்சம் அவசரப்படுகிறது என்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னேன், கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் முதலில் கணக்கு ஆசிரியர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பட்டயம் படித்து, மூச்சுப் பயிற்சியாளராக இந்த மையத்துக்கு வந்தவன். அப்போது மையம் என்பது மருந்துக் கடைக்கு மேல் இரண்டு அறை. ஒன்றில் மனநல மருத்துவர் அம்மா, இன்னொன்றில் நான். என் அறையில் மின்விசிறி சுற்றும்போது ஒரு சத்தம் வரும். இருபது சுற்றுக்கு ஒருமுறை. அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லியே நான் ஓய்வு பெற்றேன்.

மருத்துவர் அம்மா முதல் நாளே எனக்கு ஒன்றைச் சொன்னார். "பதறிப்போய் வர்றவங்ககிட்ட நல்லா மூச்சை இழுங்கன்னு சொல்லாதீங்க. அவங்க ஏற்கெனவே இழுத்து இழுத்துத்தான் கையெல்லாம் மரத்துப்போய் வந்திருக்காங்க. விடச் சொல்லுங்க. உள்ள போற காத்து தானா போகும்." இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் பதற்றத்தில் நம் வாயில் முதலில் வருவது 'நல்லா இழுங்க' என்பதுதான். கவனமாக இருங்கள்.

நான் சொல்லவந்தது அதுவும் இல்லை. விடச் சொல்லியே ஒருவருடைய வேலைக்கு உலை வைத்த கதை.

அவருக்கு இங்கே எஸ்தர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுதப்போகிறேன் என்று சொல்லி, எந்தப் பெயர் வைக்கட்டும் என்று அவரையே கேட்டேன். "எஸ்தர்னே வைங்க சார். எனக்கு அந்தப் பேருதான் வைக்கணும்னு இருந்தாங்களாம். ஞானஸ்நானத்து அன்னைக்கு மாமா பூந்து மாத்திட்டாரு" என்றார்.

எஸ்தர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவர். மூன்று மாடிக் கடை. மேல்மாடி முழுக்க முகூர்த்தப் பட்டு. கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் உட்கார, எதிரே முழங்காலிட்டுப் புடவையைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. அந்த மாடிக்கு எல்லோரையும் ஏற்றிவிட மாட்டார்கள். கீழே பல வருஷம் சாதாரணப் புடவை காட்டி, கை பழகி, நாக்கு பழகி, அப்புறம்தான் மேலே. எஸ்தரின் தெருவிலிருந்து அந்த மாடிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அவருடைய அப்பா வழியில் எல்லோரும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். "எங்க தெருவுல யாரு வீட்டுக் கல்யாணம்னாலும் நான்தான் கூடப் போய் புடவை எடுக்கணும். நான் தொட்டு எடுத்தா ராசின்றாங்க" என்று சொல்லும்போது அவர் கழுத்து ஒரு அங்குலம் உயரும்.

அந்த எஸ்தருக்கு ஒரு வருஷமாக, கூட்டம் நெருக்கினால் மூச்சு முட்டியது. நெஞ்சு படபடக்கும், விரல் மரக்கும், செத்துப்போய்விடுவோம் என்று தோன்றும். பிரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடிவிடுவார். மருத்துவர் அம்மா இதயம், தைராய்டு, ரத்தச்சோகை எல்லாம் பார்த்து, உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரையும் எழுதிவிட்டு, என் அறைக்கு அனுப்பினார். இந்த வரிசையை மறக்காதீர்கள். நெஞ்சு படபடக்கிறது என்று வருகிற எல்லோருக்கும் மூச்சுப் பயிற்சிதான் மருந்து என்று நினைத்தால் ஒருநாள் யாராவது நம் அறையிலேயே மாரடைப்பில் சாய்வார்.

நான் வழக்கமானதைச் சொல்லிக்கொடுத்தேன். நாலு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி வாயால், உதட்டைக் குவித்து, மெல்ல விடுங்கள். மூச்சையே கவனியுங்கள். எஸ்தர் நல்ல மாணவி. சொன்னபடியே செய்தார். ஆனால் ஆறு எண்ணி முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் திணறினார், நெற்றி வியர்த்தது. பழக்கமில்லை, போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். "கடையில் படபடப்பு வர மாதிரி தெரிஞ்சா அங்கயே செய்யுங்க. யாருக்கும் தெரியாது" என்று தைரியமும் சொல்லி அனுப்பினேன்.

யாருக்கும் தெரியாதாம். பத்தாம் நாள் கடை மேலாளரிடமிருந்து எனக்குப் போன்.

"மூச்சு வாத்தியாருங்களா? நீங்க கொஞ்சம் கடைக்கு வரணும். எஸ்தர் விஷயம்."

போனேன். மேலாளர் ஏனாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், பொறுமைசாலி. என்னை உட்காரவைத்து, மோர் வரவழைத்து, அப்புறம் கேட்டார்.

"சார், முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவங்க முன்னாடி நாங்க என்னென்ன சொல்ல மாட்டோம், செய்ய மாட்டோம், தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அந்தக் கலர் இல்லன்னு சொல்ல மாட்டோம். வந்துக்கினு இருக்குதுன்னு சொல்லுவோம். இது கடைசிப் புடவைன்னு சொல்ல மாட்டோம். தும்மல் வந்தா மாடிப்படிக்குப் போயிடுவோம். கூட்டத்துல யாருன்னா தும்மிட்டா உடனே தண்ணி குடுத்து, அஞ்சு நிமிஷம் வேற பேச்சு பேசி, அப்புறம்தான் அடுத்த புடவை. இப்படி இருக்கிற எடத்துல..." அவர் எழுந்து நின்று காட்டினார். கையில் இல்லாத ஒரு புடவையைப் பிரித்தார், அதைப் பார்த்தார், உதட்டைக் குவித்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஹூ... என்று. ஆறு எண்ணினேன். மிகச் சரியாக நான் சொல்லிக்கொடுத்த மூச்சு.

"பொண்ணோட அம்மா ஒரு புடவைய எடுத்து மடியில வெச்சாங்க. எதிர்ல எங்காளு இந்த மாதிரி பெருமூச்சு விடுது. அவங்க என்னா நெனைப்பாங்க? கல்யாணப் புடவை மேல பெருமூச்சு. அந்தம்மா அப்பவே எழுந்துட்டாங்க. நூத்துக்கு நூறு எடுக்க வந்த குடும்பம், சார். எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. அது மட்டும் இல்ல. நேத்து இன்னொண்ணு."

மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

"எஸ்தர் கை ராசியான கை. எனக்கும் தெரியும். மூச்சு முட்டி ஓடினப்போ கூட நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இது ஆவாது. வர ரெண்டு ஞாயித்துக்கெழமையும் நல்ல முகூர்த்தக் கூட்டம். அது வரைக்கும் பாப்பேன். ஒரு பெருமூச்சு, இல்லன்னா ஒரு ஓட்டம், எது நடந்தாலும் கீழ பை குடுக்கிற எடத்துக்கு மாத்திடுவேன். மொதலாளி சொல்லிட்டாரு."

மாடிப்படியில் எஸ்தரைப் பார்த்தேன். அழுதிருந்தார். "கீழ போனா நான் பையில போட்டுக் குடுக்கணும் சார். பிரிக்க முடியாது" என்றார். எத்தனையோ பேர் என்னிடம் தங்கள் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். புடவையைப் பிரிக்க முடியாமல் போவது ஒரு துக்கம் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அது சின்ன துக்கமில்லை என்று தெரிந்தது.

"சத்தமில்லாம மூக்கால விடலாமே. அதே ஆறு" என்றேன்.

எஸ்தர் தலையசைத்து மறுத்தார். "சார், கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க எண்ணச் சொல்றீங்க இல்ல, அதுதான் எனக்கு ஆவல. எங்கம்மா போன வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வாயில மூக்குல மாஸ்க் போட்டிருந்தாங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு அவங்க மூச்சை எண்ணிக்கினு இருப்பேன். ஒரு மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் நடுவுல எத்தனை வருதுன்னு. நாலு வந்துச்சு. அப்புறம் ஆறு. அப்புறம் எண்ணிக்கினே இருந்தேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு, ஆறு. உலகத்தில் எத்தனை எண்கள் இருக்கின்றன! அந்த இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்து, தினமும் மூன்று வேளை எண்ணு என்று அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் நெற்றி வியர்த்தது. அவர் ஆறு எண்ணி முடிக்கும்போதெல்லாம் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்திருக்கிறார்.

நம்மிடம் வருபவருடைய தூக்கம், பசி எல்லாவற்றையும் கேட்கிறோம். மூச்சு என்றால் அவருக்கு எது நினைவுக்கு வருகிறது என்று கேட்பதில்லை. கேளுங்கள். சிலருக்கு அது தியானம். சிலருக்கு ஆஸ்பத்திரி.

மருத்துவர் அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். நான் புலம்பினால் கொஞ்ச நேரத்தில் முடியாது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மாவைப் பத்தி என்கிட்ட பேசட்டும், அதுக்கு நேரம் ஒதுக்கறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க. மூச்சைக் கவனிக்கச் சொல்லாம மூச்சு விட வைக்கணும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிங்க" என்றார்.

"எப்படி?" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்களை வெச்சிருக்கேன்?"

முதல் ஞாயிறு எஸ்தரை விடுப்பு எடுக்கச் சொன்னேன். அது தப்பித்தல்தான், தீர்வு இல்லை. இரண்டாவது ஞாயிறுக்கு ஒரு வாரம் இருந்தது. வேறு வழி தெரியாமல், செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டமில்லாத நேரத்தில் போய் அந்த மேல்மாடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். மையத்தில் என் அறையில் அவர் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலை செய்கிற இடத்தில் பார்த்ததில்லை. சும்மா இருக்க முடியாமல் அலமாரியை எண்ணினேன். பன்னிரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஒரு நிறம்.

ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். எஸ்தர் முழங்காலிட்டு, ஒரு புடவையின் தலைப்பைப் பிடித்து வீசி, அது மெத்தையில் விழும்போதே ஆரம்பித்தார்.

"அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, காப்பிக்கொட்டை, நாவப்பழம், சந்தனம், தேன், ரோஜா, ஆனந்தா நீலம்... எந்தக் கலர் பிரிக்கட்டும்மா?"

கிட்டத்தட்ட பாட்டு. ஒரே மூச்சு. என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அடுத்த குடும்பம் வந்தபோது பார்த்தேன். பதினோரு நொடி. என் அறையில் ஆறு எண்ணுவதற்குள் வியர்த்த அதே எஸ்தர், இங்கே பதினோரு நொடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிறார். முடிந்ததும் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருக்கவில்லை. அது தானாக வந்து சேர்ந்தது.

எண்ணுவது என் வியாதி என்று என் மனைவி சொல்வாள். அந்த வியாதி அன்று சம்பளம் கொடுத்தது.

எஸ்தரைக் கூப்பிட்டேன். "இனிமே எண்ணவே வேணாம். மூச்சையும் பாக்க வேணாம். படபடப்பு வர மாதிரி இருந்தா, இந்தக் கலரெல்லாம் சொல்லுங்க. கொஞ்சம் மெதுவா. கடைசிக் கலர் முடிஞ்சதும் வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க. அடுத்த மூச்சு மூக்கு வழியா தானா வரும். அப்புறம் மறுபடி."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"சார், இதை நான் ஒரு நாளைக்கு நூறு வாட்டி சொல்றேன்."

"அப்ப நூறு வாட்டி பயிற்சி பண்ணியிருக்கீங்க. எனக்குத்தான் தெரியல."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு. மூச்சின் மேல் ஒரு சொல்லை ஏற்றிவிட்டால் யாரும் அதைப் பெருமூச்சு என்று சொல்ல மாட்டார்கள். வியாபாரம் என்பார்கள்.

அன்று கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அலமாரியில பன்னிரண்டு அடுக்கு இருக்கு. நீங்க பதினொன்னுதான் சொல்றீங்க. வெங்காயக் கலரை விட்டுட்டீங்களே" என்றேன். வெங்காயச் சருகின் நிறம், லேசான ரோஜாவும் பழுப்பும் கலந்தது, நல்ல நிறம்.

எஸ்தரின் சிரிப்பு நின்றது. "அம்மாவைப் பொட்டியில வெச்சப்போ அந்தக் கலர் பட்டுதான் கட்டினோம். என் கல்யாணத்துக்கு அவங்களுக்கு நான் எடுத்துக் குடுத்தது. அந்த அடுக்கை நான் தொடறது இல்ல சார். யாராவது கேட்டா பக்கத்துல இருக்கிற பொண்ண விட்டு எடுத்துப் போடச் சொல்லிடுவேன்."

சரி என்று வந்துவிட்டேன். அதையும் சொல்லிப் பழகுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையில் நமக்குக் கதவு ஒன்று தெரிந்துவிட்டால் உடனே தள்ளிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பதினொன்று போதுமானதாக இருந்தது. பதினொன்றோடு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது ஞாயிறு. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவியிடம் புடவை வாங்கித் தருகிறேன் என்றேன். நான்கு வருஷத்தில் முதல்முறை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்பு நல்லாத்தான இருக்குது?"

மேல்மாடியில் நிற்க இடமில்லை. திருமுக்கூடல் பக்கத்து ஊரிலிருந்து வேன் வைத்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருந்தது. இருபத்துமூன்று பேர். நான் எண்ணி முடிப்பதற்குள் மனைவி, "அவங்க புடவை எடுக்க வந்திருக்காங்க, உங்களுக்குக் கணக்கு குடுக்க வரல" என்று என்னை இழுத்து ஓரமாக உட்காரவைத்தாள்.

நடுவில் கல்யாணப் பெண் நிவேதா. சென்னையில் கணினி வேலை. அவளுக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அப்பாவின் அக்கா. அந்த அத்தைதான் கூட்டத்தின் தலைவி. எதிரே எஸ்தர். மெத்தையில் ஏற்கெனவே முப்பது புடவைக்கு மேல் பிரிந்து கிடந்தது.

"கண்ணு, அரக்குதான். நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் அரக்குதான் கட்டிக்கினு மணையில ஒக்காந்தாங்க" என்றார் அத்தை.

"அத்தை, நான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். எனக்கு ஆனியன் பிங்க்."

"இன்னாது?"

"வெங்காயக் கலர்."

"வெங்காயமா? சாம்பாருக்குப் போடறத கட்டிக்கினு தாலி கட்டிப்பியா? ஊரு சிரிக்கும்டி."

வெளிநாட்டிலிருந்த அண்ணன் வீடியோ அழைப்பில் எதையோ கத்தினான். ஒரு சித்தி பச்சை என்றார். ஒரு சித்தப்பா சாப்பாட்டு நேரம் என்றார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். குளிர்சாதனம் ஓடியும் காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. நிவேதா பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கையை நெஞ்சில் வைத்தாள். மூச்சு குட்டையாக, வேகமாக, சத்தத்தோடு வந்தது. விரல்கள் மடங்கின.

"ஐயோ, பொண்ணுக்கு என்னமோ ஆவுது!"

"தண்ணி குடுங்க!"

"நல்லா மூச்சை இழும்மா, நல்லா இழு!" பத்துப் பேராவது சொன்னார்கள்.

நான் எழுந்துவிட்டேன். ஆனால் நான் பார்த்தது நிவேதாவை இல்லை, எஸ்தரை. நெருக்கும் கூட்டம், எதிரே மூச்சுத் திணறும் சத்தம். அவர் முகம் வெளுத்திருந்தது. கண் மாடிப்படிக்குப் போனது. மேலாளரும் கல்லாவிலிருந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடினால் எஸ்தரின் இடம் போயிற்று. ஓடாமல் அங்கேயே விழுந்தாலும் போயிற்று. நான் போய்ச் சேர, நடுவில் இருபது பேரைத் தாண்ட வேண்டும்.

எஸ்தரின் உதடு அசைந்தது. ஒரு முறை, தனக்காக, சத்தமில்லாமல். அந்த வரிசையைக் கேட்டிருந்த எனக்கு உதட்டசைவிலேயே முதல் சொல் புரிந்தது. அரக்கு.

அப்புறம் அவர் மெத்தையில் கையூன்றி முன்னால் போய், நிவேதாவின் முழங்காலைத் தொட்டார்.

"கண்ணு, யாரும் உன்ன எதுவும் கேக்க மாட்டாங்க. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு. எந்தெந்தக் கலர் பிரிச்சோம்னு நான் மறந்துட்டேன். கூடவே சொல்லிக்கினு வா. மெதுவா. அரக்கு..."

"அ... அரக்கு."

"மாம்பழம்... மயில்கழுத்து..."

முதல் சுற்றில் நிவேதாவால் மூன்று நிறத்துக்கு மேல் போக முடியவில்லை. "பரவால்ல, வாய மூடிக்கோ, சும்மா இரு. தானா வரும். மறுபடி மொதல்ல இருந்து." இரண்டாவது சுற்றில் ஐந்து. அம்மாவும் சேர்ந்துகொண்டார். மூன்றாவதில் ஒரு சித்தி. நான்காவது சுற்றில் கிளிப்பச்சை வந்தபோது அத்தையின் குரல்: "அது கிளிப்பச்சை இல்லம்மா, எலப்பச்சை. எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரிக்கா. எலப்பச்சை. கத்தரிப்பூ..." என்று எஸ்தர் விடாமல் போனார்.

ஐந்தாவது சுற்றில் பாதிக் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் என்ற சித்தப்பா காப்பிக்கொட்டையை மட்டும் உரக்கச் சொன்னார். நிவேதாவின் விரல்கள் விரிந்திருந்தன. கண்ணில் நீர், ஆனால் வாயில் சிரிப்பு. "சந்தனம், தேன், ரோஜா, ஆனந்தா நீலம்" என்று எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள்.

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நிவேதா மட்டும் மிச்சமிருந்த மூச்சில் இன்னொன்றையும் சொன்னாள்.

"வெங்காயக் கலர்."

எஸ்தர் அசையவில்லை.

மனைவி என் விலாவில் இடித்தாள். "மூச்சு விடுங்க. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்துட்டு நீங்க புடிச்சு வெச்சுக்கினு இருக்கீங்க." உண்மைதான். பிடித்து வைத்திருந்தேன்.

"வெங்காயக் கலர்," என்றார் எஸ்தர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மாடியில் எல்லோருக்கும் கேட்டது. எழுந்தார். பக்கத்தில் இருந்த பெண் வழக்கம்போல அலமாரிக்கு நகர்ந்தாள். எஸ்தர் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டுத் தானே போனார். பன்னிரண்டாவது அடுக்கின் முன் ஒரு கணம் நின்றார். ஒரு புடவையை உருவினார். அதை இரண்டு கையிலும் ஏந்தி வந்து, முழங்காலிட்டு, தலைப்பைப் பிடித்து வீசினார்.

அது மெத்தை முழுக்க, மற்ற எல்லாப் புடவைகளின் மேலும் விழுந்தது. வெங்காயச் சருகு நிற உடல், இரண்டு பக்கமும் கையகல அரக்கு பார்டர்.

"எங்கம்மாவுக்கு நான் எடுத்த கலர்," என்றார் எஸ்தர் நிவேதாவிடம். "கட்டினா அவுக்கவே மனசு வராதுன்னு சொல்லுவாங்க." கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

அம்மாவுக்கு எடுத்த நிறம் என்பது மட்டும் கூட்டத்துக்குத் தெரிந்தது. மற்றது எஸ்தருக்கும் எனக்கும். அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

அத்தை குனிந்து பார்டரைத் தடவினார். புரட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தடவினார். இருபத்துமூன்று பேரும் அவர் விரலையே பார்த்தார்கள்.

"அரக்கு இருக்குது இல்ல," என்றார் கடைசியில். "பார்டர்ல இருந்தா இன்னா, ஒடம்புல இருந்தா இன்னா. அரக்கு அரக்குதான."

நிவேதா அத்தையைக் கட்டிக்கொண்டாள். வீடியோவில் இருந்த அண்ணன் கை தட்டினான், யாரோ தவறுதலாக அழைப்பைத் துண்டித்தார்கள். சித்தப்பா மறுபடியும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். ரசீது போட்டு, புடவை முனையில் மஞ்சள் வைத்து, தட்டில் வைத்து நிவேதாவின் கையில் கொடுத்தார்கள். வேலை முடிந்தது என்று அத்தை சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டார்.

அது என்ன மூச்சு! என் பணிக்காலத்தில் அப்படி ஒன்றை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. ஹூ... என்று ஆரம்பித்து, மாடி முழுக்கக் கேட்டு, முடிவேனா என்று போய்க்கொண்டே இருந்தது. கல்யாணப் பெண்ணின் மடியில் முகூர்த்தப் புடவை. மேலாளர் கல்லாவில் விறைத்துப்போய் நின்றார். கூட்டம் முழுக்க அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அத்தையும் கண்ணைத் திறந்து, தான் செய்த காரியத்தை உணர்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

எஸ்தர் பிரிந்து கிடந்த புடவைகளை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அது பில்லு போட்டப்புறம் விட்ட மூச்சுக்கா. ராசியான மூச்சு. கணக்குல வராது."

முதலில் சிரித்தவர் மேலாளர்தான்.

எஸ்தர் இன்றும் அதே மேல்மாடியில் இருக்கிறார். மாத்திரையை மருத்துவர் அம்மா படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். எப்போதாவது படபடப்பு வருகிறதாம். வந்தால் நிறங்களைச் சொல்கிறாராம். கூட்டம் அதை வியாபாரம் என்றே நினைக்கிறது.

என் மனைவிக்கு அன்று புடவை வாங்கினோமா என்று கேட்பீர்கள். வாங்கினோம். மயில்கழுத்து. எஸ்தர் பிரித்துக் காட்டியதைத்தான் எடுத்தாள்.

அதற்கப்புறம் எண் இல்லாமல் ஒருவருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்க முடியாது என்ற என் பிடிவாதம் போயிற்று. ஒரு பேருந்து நடத்துநருக்கு நிறுத்தங்களின் பெயர், ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரருக்குப் பருப்பு வகைகள். அவரவர் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். நீங்கள் ஒன்பது பேரும், ஒன்பதுதானே, அதற்காகவாவது அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறை போய் உட்காருங்கள்.

என் வீட்டு மாடிக்குப் பன்னிரண்டு படி. முன்பெல்லாம் எண்ணிக்கொண்டே ஏறுவேன், ஏழாவது படியில் நெஞ்சைப் பற்றிய கவலை வந்துவிடும். இப்போது அரக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாவல்பழத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வெங்காயக் கலர் என்று சொல்லும்போது மேலே வந்துவிட்டிருக்கிறேன். கீழேயிருந்து மனைவி கேட்கிறாள்: "என்ன, மொட்டமாடியில கடை போட்டுட்டீங்களா?"